யாருக்காவது மனவருத்தம் இருந்தால்

அத்தாவைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் கிடத்தியாகிவிட்டது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று அதன் நிர்வாகி முத்தவல்லி ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். என் அம்மா குர்ஷித் பேகம் மட்டும், "அவரு வந்துரட்டும்" என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தாள்.

அந்த "அவரு" யாரென்று தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொன்னழகு. குஜிலியம்பாறைப் பக்கம் தோட்டம் வைத்து வெள்ளாமை பார்க்கும் சம்சாரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் அத்தாவை ஊர் பார்க்கக் கன்னத்தில் அறைந்த ஆள். விடிந்ததும் விடியாததுமாக அவருக்குப் போன் போட்டது என் அண்ணன் ஃபாரிஸ். போடச் சொன்னது அம்மா.

"மையித்த வச்சுக்கிட்டு அந்தாளுக்காகக் காத்துக் கெடக்கணுமா? அம்புட்டுப் பெரிய மனுசனா அவரு?" என்றேன்.

"பாஸிலா, வாயக் குறை," என்றாள் அம்மா. "அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டியதுல குறை வச்சா அல்லாஹ் மன்னிச்சுருவான். மனுசனுக்குச் செஞ்ச குறைய அந்த மனுசன்தான் மன்னிக்கணும். ஒத்தப் புள்ளையப் பறிகொடுத்தவரு அவரு. அவரு வாயால ஒரு வார்த்த வராம உங்கத்தாவ நான் அனுப்ப மாட்டேன்."

எங்களிடம் இது வழக்கம். ஜனாஸா தொழுகைக்கு முன்னால் மூத்த மகன் கூட்டத்தின் முன் நின்று, இறந்தவரால் யாருக்காவது மனவருத்தம் இருந்தால் மன்னித்துவிடும்படி கேட்க வேண்டும். பெரும்பாலும் பேருக்குத்தான். கேட்ட மாத்திரத்தில் "மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு" என்று நாலு பேர் முணுமுணுப்பார்கள்; காரியம் முடிந்துவிடும். பள்ளிவாசலில் வைத்துத்தான் கேட்பார்கள். ஆனால் அத்தாவுக்குப் பட்டிக்காட்டுச் சிநேகிதம் அதிகம். தோட்டக்காரர்கள், பழைய ராணுவத்துக்காரர்கள் என்று தெரு நிறைய ஆட்கள் நின்றதால், வீட்டு வாசலில் ஷாமியானாவுக்குக் கீழேயே கேட்டுவிடலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

இந்தத் தடவை பேருக்குக் கேட்பதாக இருக்காது. அந்த மனிதர் எழுந்து நின்று "மன்னிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டால்? இவ்வளவு சனத்துக்கு நடுவில் சொல்லிவிட்டால், அப்புறம் அத்தாவுக்கு வக்காலத்து வாங்க உலகத்தில் ஒரு இடமும் இல்லை. செய்யாத கொலையைச் சுமந்துகொண்டு அவர் மண்ணுக்குள் போவார். செய்யாதது என்று நம்பியவள் எங்கள் வீட்டிலேயே நான் ஒருத்திதான்.

ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முத்துக்கிருஷ்ணன் மாமா பேசிக்கொண்டிருந்தார். சின்னாளப்பட்டிக்காரர். அத்தாவோடு ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தவர். மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்தப் படையில் சிப்பாய்களைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தா ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து பேகம்பூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை போட்டபோது, அதற்கும் "தம்பி எலக்ட்ரிகல்ஸ்" என்றே பெயர் வைத்தார். நரைத்த மீசையோடு கடையில் உட்கார்ந்திருப்பவரிடமே வந்து, "தம்பி எங்க பெரியவரே?" என்று கேட்பார்கள். "நாந்தான்யா, சொல்லு" என்பார்.

"எழுபத்தொண்ணு சண்ட முடிஞ்சு எல்லாரும் ஊருக்குக் கெளம்புறான்," என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். "எங்களுக்கு அப்பத்தான் வேலையே ஆரம்பம். பொதச்சு வச்சிருக்கிற கண்ணிவெடிய எல்லாம் எடுக்கணும். ராஜஸ்தான் மணலு. இன்னைக்கு இங்க இருக்கிறது காத்தடிச்சா நாளைக்கு எங்க இருக்கும்னு சொல்ல முடியாது. இந்தா கெடக்குறானே சௌகத் அலி, இவன் குப்புறப் படுத்து, கம்பியால குத்திக் குத்திப் பாத்துக்கிட்டே ஊர்ந்து போவான். எடுத்ததக் குமிச்சு வச்சு வெடிக்க வைக்கணும். அதுக்கு ஒரு பெட்டி இருக்கு. அதுல கைப்பிடியச் சுத்துனாத்தான் வெடிக்கும். வெடிக்குப் பக்கத்துல போறவன் அந்தக் கைப்பிடியக் கழட்டித் தன் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுத்தான் போகணும். அவன் திரும்பி வாற வரைக்கும் எந்தக் கொம்பனாலயும் வெடிக்க முடியாது. ஒரு நா மேஜரு அவசரத்துல, குடுத்துட்டுப் போடான்னு கேட்டாரு. இவன் குடுக்கவே இல்லையே! 'என் உசுரு என் பாக்கெட்டுலயே இருக்கட்டும் சார்'ன்னுட்டுப் போயிட்டான்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அத்தா கடைசி வரைக்கும் அப்படித்தானே வேலை பார்த்தார்! மற்ற மெக்கானிக்குகள் சுவிட்சை அணைத்துவிட்டு மோட்டாரில் கை வைப்பார்கள். அத்தா அதோடு விட மாட்டார். போர்டில் இருக்கிற மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கட்டை போர்டில் இல்லாமல் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. டீ குடிக்கப் போனாலும் தொழப் போனாலும் கட்டைகள் அவரோடு போகும். சட்டைப்பை எல்லாம் கறுப்புக் கறை. "புருசன் சட்டைய வெளுக்க ஒரு சோப்புக் கம்பெனி வேணும்" என்று அம்மா புலம்புவாள்.

அப்பேர்ப்பட்டவர் கட்டையைக் கழற்ற மறந்தார் என்றுதான் ஊர் சொன்னது.

பொன்னழகின் கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டர் கோளாறு. அத்தா போய்ப் பிரித்துப் போட்டு வேலை பார்த்தார். உதவிக்கு நின்றது பொன்னழகின் மகன் அய்யனார், பெண் பார்த்துக்கொண்டிருந்த வயசு. லுஹர் நேரம் வந்ததும் அத்தா தள்ளி வேப்பமரத்தடியில் தொழப் போனார். அய்யனார் திறந்து கிடந்த ஸ்டார்ட்டருக்குள் கை விட்டான். கரண்ட் பாய்ந்தது. சனம் ஓடிவந்து பார்த்தபோது பிள்ளை போய்விட்டிருந்தான். மூன்று கட்டையும் போர்டில் மாட்டியபடி இருந்தன. அத்தாவின் பை காலி. தொழுகிற அவசரத்தில் கிழவன் கட்டையைக் கழற்றாமல் போய்விட்டான் என்று ஊரே பேசிற்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பொன்னழகு அறைந்தார், ஆனால் "கேசு வேணாம்" என்று போலீஸிடம் சொல்லிவிட்டார். அதற்கும் ஊர் அவரைத்தான் மெச்சியது. பெற்ற பிள்ளையைக் கொன்றவனையே விட்டுவிட்டாரே, என்ன மனசு, என்ன மனசு என்று.

நான் அத்தாவை நேராகவே கேட்டேன். "நீங்க கட்டையக் கழட்டலயா அத்தா? சத்தியமாவா?" அவர் என் கண்ணைப் பார்த்தார். "மறந்துட்டேம்மா" என்றார். அந்த மாதமே அண்ணன், "கை நடுக்கம் வந்துருச்சு, இனிப் போதும்" என்று கடையைப் பூட்டினான். எதிர்த்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். மேஜருக்கே பணியாத மனிதர் சாவியைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். அன்றைக்கு அண்ணனோடு போட்ட சண்டையில் நான் பிறந்த வீட்டுப் பக்கமே ரொம்ப நாள் வரவில்லை. அதற்குப் பிறகு அத்தாவின் சட்டைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

முத்தவல்லி நூர் முகமது இப்போது தானே வந்துவிட்டார். "ஃபாரிஸு, பாங்குக்கு நேரமாச்சு. இனியும் வச்சிருக்கிறது மையித்துக்கு மரியாதை இல்ல."

நான் அண்ணனை ஜன்னலுக்கு அருகே கூப்பிட்டேன். "இப்பவே கேட்டு முடிச்சுரு. அந்தாளு வாரதுக்குள்ள தூக்கிரு. வந்து ஏதாச்சும் சொல்லிட்டாருன்னா என்ன பண்ணுவ?"

"அம்மா..."

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். அத்தா மானத்த இத்தன பேரு முன்னால ஏலம் போடணுமா? உனக்குப் புண்ணியமாப் போகும், தூக்குண்ணே."

அவன் முகம் வேர்த்திருந்தது. அவனுக்கும் பயம்தான். அம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள்; பாங்குக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். ஜன்னல் கட்டையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் திரும்பி நடந்து, சந்தூக்கின் தலைமாட்டில் போய் நின்று தொண்டையைச் செருமினான். தெரு அடங்கியது.

தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றதும் அப்போதுதான்.

இறங்கியவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு வற்றிப் போயிருந்தார். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து வந்தார். வழி தானாக விட்டது. முத்துக்கிருஷ்ணன் மாமா நாற்காலியை விட்டு எழுந்து சந்தூக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டார், கிட்டே வந்தால் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

அண்ணன் கேட்டான். குரல் உடைந்து உடைந்து வந்தது. "எங்கத்தா சௌகத் அலி... அவரால யாருக்காவது மனவருத்தம் இருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சுருங்க."

யாரும் "மன்னிச்சாச்சு" என்று முணுமுணுக்கவில்லை. அத்தனை தலையும் பொன்னழகு பக்கம் திரும்பியிருந்தது.

"நான் ஒரு வார்த்த பேசணும்," என்றார் அவர்.

"மையித்து முன்னால வச்சு எதுவும் பேச வேணாம்," என்றார் மாமா. "சொல்றதுன்னா மன்னிச்சேன்னு சொல்லு. இல்லாட்டி அப்படியே திரும்பிப் போயிரு."

"விடுங்க, பேசட்டும்," என்றார் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்.

பொன்னழகு சந்தூக்கைத்தான் பார்த்தார். "பாய் மறக்கல," என்றார்.

எனக்குச் சரியாகத்தான் கேட்டதா என்று தெரியவில்லை.

"கட்டைய மூணையும் புடுங்கிப் பையில போட்டுக்கிட்டுத்தான் தொழப் போனாரு. நாந்தான்... வெங்காயம் வாடிக் கெடந்துச்சு. மூணு பேஸு கரண்டு நிக்கிற நேரம். நின்னுருச்சுன்னா மறுநாத்தான். மோட்டார் ரூம்புல பழைய போர்டு ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அதுல கெடந்த கட்டைகளக் கழட்டியாந்து நான் மாட்டிட்டேன். வேல முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். பய கை உள்ள இருக்கிறதப் பாக்கல. மாட்டட்டுமாடான்னு ஒரு வார்த்த... ஒத்த வார்த்த கேக்கல நான்."

சந்தூக்கை நோக்கி இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"பாய் தொழுகைய விட்டுட்டு ஓடியாந்தாரு. கம்ப எடுத்துப் பயலத் தட்டி விட்டாரு. கட்டையப் புடுங்கிப் போட்டாரு. பய நெஞ்சுல காத வச்சுப் பாத்துட்டுத் தலைய ஆட்டுனாரு. நான் குதிச்சுரலாம்னு கெணத்தப் பாத்து நடந்தேன். வேட்டியப் புடிச்சு இழுத்துக் கீழ தள்ளிட்டாரு. அங்கிட்டு என் பொஞ்சாதி ஓடியாரா, அவ பின்னால ஊரே ஓடியாருது. பாய் அந்தப் பழைய கட்டைகள எடுத்துக் கெணத்துல வீசுனாரு. தன் பையில இருந்த மூணையும் எடுத்துப் போர்டுல மாட்டுனாரு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். எங்கிட்டக் குனிஞ்சு, 'மறந்தது நான். அம்புட்டுத்தான். எந்திரி'ன்னாரு." அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "எந்திரிச்சு அவரு கன்னத்துலயே அறைஞ்சேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பாவம் பழியை இப்படித் தன் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றது என்று கேட்டதில்லை.

"படுபாவி! ஒம்போது வருசமா எங்கடா போயிருந்த?" மாமா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். ரெண்டு பேர் வந்து விலக்கினார்கள்.

"சொன்னா என் பொஞ்சாதி மூஞ்சியில முழிக்க முடியாது," என்றார் பொன்னழகு. அவர் கையை ஓங்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "காலையில போன் வந்துச்சு. பாய் போயிட்டாரு, நீங்க வந்து மன்னிக்கணும்னு இந்தத் தம்பி அழுகுது. நான் மன்னிக்கிறதா? அதுக்கு மேல முடியல. மொதல்ல அவகிட்டச் சொன்னேன். அதான் வர நேரமாயிருச்சு. அவ கதவச் சாத்திக்கிட்டா. பெறகு உள்ள இருந்தே, 'போயி அவரத் தூக்கு'ன்னா." ஹஜ்ரத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "எனக்கு அவருகிட்ட மன்னிப்பு வேணுங்க. யாருகிட்டக் கேக்குறது?"

"போனவரு பேச மாட்டாரு," என்றார் ஹஜ்ரத் மெதுவாக. "வாரிசுக மன்னிக்கலாம்."

அண்ணன் சந்தூக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தான். கடையைப் பூட்டிய சாவி அவன் நினைப்பில் வந்திருக்கும். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். புருஷனுக்காக ஒன்பது வருஷம் தலைகுனிந்து நடந்தவள் அவள். எதற்குக் குனிந்தோம் என்று அவளுக்கு இப்போது புரியவில்லை.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் சொன்னதுதான் ஜெயித்தது. அத்தா பெயர் கழுவப்பட்டுவிட்டது, அதுவும் தெருவே பார்க்க. ஆனால் உடம்பெல்லாம் கொதித்தது. பொன்னழகு மெல்ல ஜன்னல் பக்கம் நிமிர்ந்தார்.

"எங்கத்தா அன்னைக்கே உங்கள மன்னிச்சுட்டாரு," என்றேன். "மன்னிக்காதவரு அந்தக் கட்டைய மாட்டியிருக்க மாட்டாரு. அதுக்கு மேல நாங்க சொல்ல என்ன இருக்கு? எங்கிட்ட மட்டும் கேக்காதீங்க. எனக்கு இன்னும் வரல. வந்தா சொல்லி அனுப்புறேன்."

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பதிலை எதிர்பார்த்து வந்தவர் மாதிரி இருந்தது.

முத்தவல்லி கடிகாரத்தைப் பார்த்தார். ஹஜ்ரத் அண்ணனைத் தோளில் தட்டி எழுப்பி, "கேட்டத முடிச்சு வையி தம்பி" என்றார். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேற யாருக்காவது... எங்கத்தா மேல மனவருத்தம்..." என்று ஆரம்பித்தான்.

"எனக்கு இருக்கு," என்றேன்.

அம்மா என்னை இழுத்தாள். நான் ஜன்னல் கம்பியை விடவில்லை. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, என் கோபம் பொன்னழகு மேல் இல்லை. அவர் கோழை, அவ்வளவுதான். என்னை இத்தனை வருஷமும் எரித்தவர் சந்தூக்குக்குள் படுத்திருந்தவர்.

"நான் கேட்டேன் ஹஜ்ரத். நேருக்கு நேரா நின்னு கேட்டேன். எங்கண்ணப் பாத்து மறந்துட்டேம்மான்னு சொன்னாரு. அந்த மனுசன் உசுரக் காப்பாத்துனது சரி. அம்மாவத் தலைகுனிய வச்சாரே, அது சரியா? அண்ணன் கையில கடைச் சாவியக் குடுத்துட்டுப் போனாரே, அது சரியா? எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன ஊருக்குள்ள தண்டோராவா போட்டிருப்பேன்?"

போட்டிருப்பேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நாள் தாங்கியிருக்க மாட்டேன். குஜிலியம்பாறைக்கு முதல் பஸ் பிடித்துப் போய் அந்தப் பெண்பிள்ளை முன்னால் கத்தியிருப்பேன். என்னை எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்ததும் இருந்த கோபத்தோடு அழுகையும் சேர்ந்துகொண்டது.

தெரு மொத்தமும் காத்திருந்தது. ஒரு பெண் இப்படி ஜன்னலில் நின்று பேசலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஹஜ்ரத் தரையைப் பார்த்தபடி, "மன்னிக்கிறியாம்மா?" என்றார்.

வாய் திறக்க எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது அன்றைக்குத்தான்.

"மன்னிச்சுட்டேன்," என்றேன். "ஆனா மறுமையில பாத்தேன்னா விட மாட்டேன். கேப்பேன்."

அண்ணன் குனிந்து சந்தூக்கின் முன்பக்கம் ஒரு கொம்பைப் பிடித்தான். மற்றதைப் பிடித்திருந்த முத்துக்கிருஷ்ணன் மாமா பொன்னழகைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, விலகி இடம் விட்டார். பொன்னழகு துண்டைத் தோளில் மடித்துப் போட்டு, அதன்மேல் அத்தாவை ஏற்றிக்கொண்டார். கலிமாச் சத்தத்தோடு தெரு நகர்ந்தது. அது மூலை திரும்பிப் பார்வைக்கு மறையும் வரைக்கும் நான் அழுதுகொண்டே அத்தாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.